இவாஞ்சலிக்கல் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது குறித்து ஆலோசனை வேண்டுகிறேன்

கேள்வி – டாலஸிலிருந்து ஒரு தகப்பன்

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் திருநெல்வேலித் திருமண்டலத்தைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. குடும்பத்தினர், சில ஆண்டுகளாக டாலஸ் பகுதியில் வசிக்கிறோம். என் மகள் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். வரும் இலையுதிர் காலத்தில் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உயிரியல், இலக்கியம் இரண்டிலும் அவளுக்கு ஈடுபாடு உண்டு. பின்னர் மருத்துவம் படிக்க வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது.

எங்கள் தமிழ்ச் சபையின் பிள்ளைகளில் பெரும்பாலானோர் டெக்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கே செல்கிறார்கள். என் மகளோ, ஆசிரியர்கள் தன்னைப் பெயர் சொல்லி அறிந்திருக்கும் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (கலை, அறிவியல் துறைகளைப் பரவலாகக் கற்பிக்கும் இளநிலைக் கல்லூரி), விசுவாசத்தைப் பற்றியும் அறிவியலைப் பற்றியும் ஒரே வகுப்பறையில் பேச முடிகிற சூழலில் படிக்க விரும்புகிறாள். இல்லினாயில் உள்ள வீட்டன், மிச்சிகனில் உள்ள கால்வின், ஹோப் ஆகிய பெயர்கள் எங்கள் பேச்சில் அடிக்கடி வருகின்றன. இவற்றுக்குள் உண்மையான வேறுபாடு என்ன? பிள்ளை எதிலாவது கையெழுத்திட வேண்டுமா? நான் எச்-1பி எனும் வேலை விசாவிலும் அவள் என்னைச் சார்ந்தவருக்கான எச்-4 விசாவிலும் இருப்பது உதவித்தொகையைப் பாதிக்குமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

மறுமொழி – மத்திய மேற்கிலிருந்து ஓர் ஆசிரியர்

சகோதரருக்கு வணக்கம். இத்தகைய கல்லூரி ஒன்றில் நெடுங்காலமாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். விளம்பர ஏடுகளைப் படித்தால் எல்லாக் கிறிஸ்தவக் கல்லூரிகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஆசிரியர் எந்த ஆவணத்தில் கையெழுத்திடுகிறார், மாணவர் எதில் கையெழுத்திடுகிறார் என்ற இரண்டையும் கேட்டால் வேறுபாடு தெளிவாகிவிடும்.

வீட்டன் 1860-இல், அடிமை முறையை எதிர்த்த ஜோனத்தன் பிளான்சர்டைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய கல்லூரி; எந்த ஒரு சபைப் பிரிவுக்கும் அது உட்பட்டதன்று. அங்கே ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கல்லூரியின் விசுவாச அறிக்கையை ஏற்று உறுதிப்படுத்த வேண்டும். அந்த அறிக்கை, ஆதாமையும் ஏவாளையும் தேவன் நேரடியாகச் சிருஷ்டித்தார் என்றும் அவர்களே மனுக்குலத்தின் வரலாற்றுப் பெற்றோர் என்றும் கூறுகிறது. உயிரியல் படிக்க விரும்பும் உங்கள் மகளுக்கு இது முக்கியமான செய்தி. ஆகவே கல்லூரியைப் பார்வையிடச் செல்லும்போது, பரிணாமத்தை வகுப்பில் எவ்வாறு கற்பிக்கிறீர்கள் என்று சேர்க்கை அலுவலரைக் கேட்காமல் உயிரியல் பேராசிரியர் ஒருவரையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலின் நேர்மையும் ஆழமும் எந்தத் தரவரிசைப் பட்டியலையும் விட அதிகம் சொல்லும். மாணவர்கள் விசுவாச அறிக்கையில் அல்லாமல், சமூக உடன்படிக்கை எனப்படும் நடத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். படிக்கும் காலத்தில் மது, புகையிலை கூடாது என்பது முதல் பாலியல் ஒழுக்கம் வரை அதில் அடங்கும். சேப்பல் எனப்படும் கல்லூரி ஆராதனையில் கலந்துகொள்வதும் கட்டாயம்.

ஆசிரியரைக் கட்டுப்படுத்தும் ஆவணம் வெறும் சடங்கு அன்று என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. வீட்டனில் தத்துவம் கற்பித்த ஒருவர் 2004-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தபின் அங்கே பணியில் தொடர முடியவில்லை. 2015 டிசம்பரில், அரசியல் அறிவியல் பேராசிரியர் லரீசியா ஹாக்கின்ஸ், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒரே தேவனை ஆராதிக்கிறார்கள் என்று எழுதியதையடுத்து கட்டாய விடுப்பில் வைக்கப்பட்டார். 2016 பிப்ரவரியில் கல்லூரியும் அவரும் பிரிந்தனர். இந்த நிகழ்வுகளைச் சரி என்று கருதுவோரும் தவறு என்று கருதுவோரும் அந்தக் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறார்கள். உங்கள் மகள் இவற்றைப் படித்துவிட்டு, அப்படிப்பட்ட இடத்தில் தான் நிம்மதியாகக் கற்க முடியுமா என்று சிந்திக்க வேண்டும்.

கால்வின் 1876-இல் டச்சுக் குடியேறிகளின் கிறிஸ்தவச் சீர்திருத்தச் சபையில் பிறந்தது. 2019-இல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அங்கே ஆசிரியர்கள் சீர்திருத்தச் சபைகளின் விசுவாச ஆவணங்களான பெல்ஜிக் அறிக்கை, ஹைடெல்பெர்க் வினாவிடை, டார்ட் விதிகள் ஆகியவற்றுக்கு உடன்பட்டுக் கையெழுத்திடுகிறார்கள். மாணவர்களிடம் விசுவாசக் கையெழுத்து கேட்கப்படுவதில்லை; சேப்பல் ஆராதனை அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. ஹோப் இன்னும் விரிந்த வாசலுடைய கல்லூரி. அதை நிறுவிய அமெரிக்கச் சீர்திருத்தச் சபைதான் நம் ஆற்காடு மிஷனையும் நடத்தியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் குடும்பம் அந்த மிஷனில்தான் ஊழியம் செய்தது. இளநிலை மாணவர்களை ஆய்வகத்தில் ஈடுபடுத்துவதில் ஹோப் நல்ல பெயர் பெற்றிருப்பதால், அறிவியல் நாட்டமுள்ள பிள்ளைக்கு அதையும் பரிந்துரைக்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால், ஆசிரியர்கள் தெளிவான விசுவாசத்தில் நின்று கற்பிக்க, மாணவர்கள் கையெழுத்தின் கட்டாயம் இல்லாமல் தேடவும் சந்தேகிக்கவும் இடமிருக்கும் அமைப்பே பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நல்லது.

மறுமொழி – ஒரு மாணவியின் தாய், இந்தியானா

ஐயா அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். கடைசிப் பத்தியில் மட்டும் உடன்பட முடியவில்லை. என் மகள் நடத்தை உடன்படிக்கை உள்ள கல்லூரியில் படிக்கிறாள். எல்லோரும் ஒரே வாக்குறுதிக்குள் இருப்பதால் விடுதி வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த பாதுகாப்பும் ஆழ்ந்த நட்பும் வேறெங்கும் எளிதில் கிடைத்திருக்காது என்று நம்புகிறேன். அவள் கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடவும் இல்லை. இரவு வெகுநேரம்வரை தோழிகளுடன் வேதாகமத்தைப் பற்றி விவாதிப்பதாகத் தொலைபேசியில் சொல்வாள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: உடன்படிக்கையின் முழு உரையையும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். அப்பா சொன்னதற்காக மட்டும் பிள்ளை கையெழுத்திட்டால், முதல் பருவம் முடிவதற்குள் அது அவளுக்குப் பாரமாகிவிடும்.

மறுமொழி – நியூ ஜெர்சி வாசகர்

விசா, பணம் இரண்டையும் பற்றி எழுதுகிறேன். நம்மவர்கள் மிகவும் இடறுவது இங்கேதான். ஃபாஃப்சா எனும் உதவி விண்ணப்பப் படிவத்தின் வழியாகக் கிடைக்கும் அமெரிக்க மத்திய அரசின் உதவியும் கடனும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வேறு சில வகையினருக்குமே உரியவை. எச்-4 விசாவில் உள்ள பிள்ளைக்கு அவை கிடைக்கா. ஆகவே உங்கள் மகள் நம்பக்கூடியது கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தரும் உதவித்தொகையை மட்டுமே. ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கும் அவளது விசா நிலையை வெளிப்படையாக எழுதி, எச்-4 மாணவர்களை உள்நாட்டு மாணவராகக் கருதுகிறீர்களா, வெளிநாட்டு மாணவராகக் கருதுகிறீர்களா, எந்தெந்த உதவித்தொகைக்கு அவர்கள் தகுதி பெறுவார்கள் என்று மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமான பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி இது மாறுபடுகிறது.

இருபத்தொரு வயதில் எச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு அதற்குள் வராவிட்டால், படிப்பின் நடுவே எஃப்-1 எனும் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். எச்-4 பிள்ளை வளாகத்தில்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. எஃப்-1 மாணவர் பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வளாகத்தில் வேலை செய்யலாம். மருத்துவத்தைப் பொறுத்தவரை, குடிமக்களோ நிரந்தரவாசிகளோ அல்லாதவர்களைச் சேர்க்கும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் குறைவு. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தது அங்கே தடையாக இராது. தேவையான அறிவியல் பாடங்களும், எம்கேட் எனும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் அங்கே முக்கியம். விசா நிலைதான் தடையாகலாம்.

விலைப் பட்டியலைக் கண்டு மலைக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். அறிவிக்கப்படும் கட்டணத்துக்கும் குடும்பங்கள் உண்மையில் செலுத்துவதற்கும் பெரிய இடைவெளி இருப்பதை உணர்ந்து, மாசசூசெட்ஸில் உள்ள கார்டன் கல்லூரி 2021-இல் கட்டணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. கல்லூரியின் நிதி நிலையையும் பாருங்கள். நியூயார்க்கில் இருந்த தி கிங்ஸ் காலேஜ், அலையன்ஸ் பல்கலைக்கழகம் ஆகிய இரண்டு இவாஞ்சலிக்கல் நிறுவனங்களும் 2023-இல் அங்கீகாரத்தை இழந்து வகுப்புகளை நிறுத்தின; அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு கல்லூரி தேட வேண்டியதாயிற்று. கடந்த சில ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை எப்படி மாறியது, எந்தெந்தத் துறைகள் மூடப்பட்டன என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். டெக்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மின்னஞ்சல்களை இந்த வாரமே அனுப்புகிறோம். இன்னொரு சந்தேகம்: சில விண்ணப்பங்களில் மாணவரின் விசுவாசப் பயணத்தைப் பற்றிய கட்டுரையும் போதகரின் பரிந்துரையும் கேட்கிறார்கள். என் மகள் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவள், ஞானஸ்நான வாக்குறுதிகளைத் தானே ஏற்று உறுதிசெய்யும் திடப்படுத்தலும் முடிந்துவிட்டது, 'இன்ன நாளில் இரட்சிக்கப்பட்டேன்' என்று சொல்லும்படியான ஓர் அனுபவம் தனக்கில்லை என்று கலங்குகிறாள்.

மறுமொழி – ஒரு போதகர்

அன்புத் தம்பி, பாப்பாவிடம் கலங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தக் கட்டுரைகளை வாசிப்பவர்கள் ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பிள்ளைகளை நன்கு அறிவார்கள். நாள் குறிப்பிட முடியாத விசுவாசமும் விசுவாசமே; இல்லாத ஒரு மனமாற்றத்தைக் கட்டுரைக்காக உருவாக்கினால், முதலில் அவளது மனச்சாட்சியே அதை ஒப்புக்கொள்ளாது. பாட்டியின் குடும்ப ஜெபம், திடப்படுத்தல் வகுப்பில் எழுந்த கேள்வி, பதில் கிடைக்காத ஜெபம், சபையில் அவள் செய்யும் பணி ஆகியவற்றில் எது அவளை உண்மையில் உருவாக்கியதோ அதைப் பற்றி எழுதட்டும். தமிழ் ஆராதனையில் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அமர்ந்திருக்கும் அனுபவமே ஒரு நல்ல கட்டுரைக்குப் பொருள். திடப்படுத்தல் என்றால் என்ன என்பதை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடட்டும். பாப்டிஸ்ட் பின்னணி உள்ள வாசகருக்கு அது பழக்கமில்லாமல் இருக்கலாம்.

போதகரின் கடிதத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே கேளுங்கள். முன்கூட்டிய சேர்க்கையின் கடைசி நாள் பல இடங்களில் நவம்பரில் வருவதால், செப்டம்பரிலேயே கேட்டுவிடுவது நல்லது. நம் சபைகளில் போதகர் தகப்பனை அறிந்த அளவுக்குப் பிள்ளையை அறிந்திருப்பதில்லை. அப்படியானால் ஞாயிறு பள்ளி ஆசிரியரோ வாலிபர் ஊழியரோ எழுதலாமா என்று கல்லூரியைக் கேளுங்கள். போதகரே எழுதுவதானால், பிள்ளை தனியாகச் சென்று அவருடன் அரை மணி நேரம் பேசட்டும். நீங்கள் உடன் போக வேண்டாம்.