‘புழங்கெல்லை’யைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள குழுமத்தினருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் இந்த இழையில், ‘யூஷுவல் என்விரான்மென்ட்’ (ஒருவர் வழக்கமாகப் புழங்கும் இடங்கள்) என்பதற்குத் தமிழில் ‘புழங்கெல்லை’ என்ற சொல்லை முன்வைத்தேன். அதை இப்போது நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம் சொல்வதற்கு முன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிறு முன்கதை.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. அதன் அடிக்குறிப்பில் ‘டூரிஸ்ட்’ என்பதற்கு ஒரு வரையறை இருந்தது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டுச் சுற்றுலாப் புள்ளிவிவரப் பரிந்துரைகளை ஒட்டியது அது. சாரம் இதுதான்: தம்முடைய ‘யூஷுவல் என்விரான்மென்ட்’டை விட்டு, ஓராண்டுக்கும் குறைவான காலத்துக்குப் பயணம் போகிறவர் வருகையாளர். முக்கிய நோக்கம் எதுவாகவும் இருக்கலாம், போகும் இடத்து நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதாக மட்டும் இருக்கக்கூடாது. ஓர் இரவாவது தங்கினால் சுற்றுப்பயணி. அன்றே திரும்பினால் ஒருநாள் வருகையாளர்.

வேடிக்கை பார்க்க வந்தவரா, வைத்தியத்துக்கு வந்தவரா, கருத்தரங்குக்கு வந்தவரா என்பது இங்கே பொருட்டே இல்லை. எதை விட்டு வந்தார் என்பதுதான் கேள்வி. அந்த ‘எதை’ என்பதற்குத்தான் நம்மிடம் சொல் இல்லை. சுற்றுலாத்துறையா பயணத்துறையா என்று முன்பு நிறையவே வாதாடிவிட்டோம். சிங்கப்பூரில் ‘பயணத்துறைக் கழகம்’ என்று நிலைத்துவிட்டது, தமிழ்நாட்டில் ‘சுற்றுலாத்துறை’ நிலைத்துவிட்டது, இரண்டும் இருக்கட்டும். ஆனால் ‘சுற்றுலா’ என்ற சொல்லுக்குள் இருக்கும் உலாவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிற்றிலக்கிய உலாவில் தலைவன் எங்கே போகிறான்? தன் நகரத்து வீதிகளில்தான் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை பார்த்து மயங்குகிறவர்கள் அவனுடைய ஊர்ப் பெண்களே. பழகிய இடத்தை விட்டு நீங்குதல் என்ற கருத்து ‘உலா’விலும் இல்லை, ‘சுற்று’ என்பதிலும் இல்லை. வரையறையின் உயிர்நாடி சொல்லுக்குள் இல்லாதபோது அதற்குத் தனியே ஒரு சொல் வேண்டியிருக்கிறது.

கேள்வித்தாளின் முதல் வரைவை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை குவீன் ஸ்திரீட் பஸ் நிலையத்தில் நின்றேன். மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் 170 எண் பஸ்ஸுக்கு வரிசை நீண்டிருந்தது. கையில் வீரமாகாளியம்மன் கோயில் குங்குமப் பொட்டலத்தோடு ஓர் அம்மா. “சுற்றுலாவுக்கு வந்தீர்களா அம்மா?” என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. “நான் என்ன ஊர் சுற்றவா வந்தேன் தம்பி? பேரனுக்குக் காய்ச்சல், பார்த்துவிட்டுப் போகிறேன்” என்றார். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவாராம். மகள் வீட்டு மின்தூக்கி எந்த மாடியில் நிற்கும், எந்தக் கடையில் இட்லி மாவு கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கடப்பிதழில் அவர் மலேசியர். ஆனால் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை அவருக்கு அயலிடமா? எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று அப்போது புரிந்தது.

இனி சொற்களுக்கு வருவோம். இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘வழக்கமான சூழல்’ என்பது நேர்மொழிபெயர்ப்பு; சூழல் என்றதும் மனம் காற்று மாசுக்குப் போய்விடுகிறது. ‘வாழிடம்’ விலங்கியலுக்குப் போய்விட்டது. தவிர, வீடு மட்டுமல்ல, வேலையிடம், படிக்குமிடம், அடிக்கடி போய்வரும் கடைத்தெரு எல்லாம் அடங்க வேண்டும். ‘புழங்கு’ என்ற வினை இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. புழங்குகிற பாத்திரம், புழங்குகிற அறை, புழக்கத்தில் இருக்கும் நாணயம். கைபட்டுப் பழகிப்போனது என்ற பொருளைப் பாட்டிமார்கள்கூட உடனே உணர்வார்கள். அதில் எனக்கு இன்னும் ஐயமில்லை.

தவறு ‘எல்லை’யில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே மோட்டார்சைக்கிளில் கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் ஆயிரமாயிரம் பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நாள்தோறும் நாட்டின் எல்லையைத் தாண்டுகிறார்கள்; தங்கள் புழக்கத்தை விட்டு நீங்குவதே இல்லை. மாறாக, சென்னையில் இருப்பவர் கொடைக்கானல் போனால் மாநில எல்லையைக்கூடத் தாண்டுவதில்லை. ஆனால் அவர் சுற்றுலாப் பயணி. ஆக, எல்லை வேறு, புழக்கம் வேறு என்று பிரித்துக்காட்டுவதே இந்தக் கருத்தின் வேலை. சொல்லிலேயே எல்லையை வைத்துவிட்டால், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்கும் எந்தத் தமிழரும் அதைத் தவறாகத்தான் புரிந்துகொள்வார். அதை எழுதும்போது நான் அகராதியைப் பார்த்தேன், கடற்பாலத்தைப் பார்க்கவில்லை.

என் புதிய பரிந்துரை: புழங்குபுலம்.

வினைத்தொகை, ஆதலால் ஒற்று மிகாது. ‘புலம்பெயர்ந்தோர்’ என்று நாள்தோறும் எழுதுகிறோம். புலத்தையே மாற்றிக்கொண்டவர் அவர். புழங்குபுலத்தை விட்டுக் கொஞ்ச நாள் நீங்கித் திரும்புகிறவர் வருகையாளர். இரண்டு சொல்லும் ஒரே குடும்பமாக நிற்கின்றன.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று மதுரையிலிருந்து ஐயா கேட்டிருந்தார். தேவை, ஐயா. சுற்றுலா என்பது வாங்குகிறவர் நம் வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டு போகும் ஏற்றுமதி. கப்பலில் எதையும் ஏற்றாமலே வெளிநாட்டுப் பணம் உள்ளே வருகிறது. 2024இல் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 16.5 மில்லியன் வருகையாளர்கள் வந்தார்கள். பயணத்துறை வருவாய் ஏறத்தாழ 29.8 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). 2019இல் 19.1 மில்லியன் பேர் வந்தும் வருவாய் 27.7 பில்லியன்தான். தலை குறைந்தது, வருவாய் கூடியது. 2020இல் எண்ணிக்கை 2.7 மில்லியனாகச் சரிந்தபோது ஹோட்டல் ஊழியரிலிருந்து பூக்கட்டுபவர் வரை யார் யார் இந்தத் துறையில் பிழைக்கிறார்கள் என்பது எல்லார்க்கும் தெரிந்தது. இவ்வளவு பெரிய கணக்கில் யாரை எண்ணுவது என்பது சொல்லாராய்ச்சி மட்டுமல்ல. தரைவழி வரும் மலேசியர்கள் இந்த எண்ணிக்கையில் இல்லை; என் பஸ் நிலையத்து அம்மாவும் இல்லை. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாள்களில் ஒருநாள் வருகையாளர்களிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு. அங்கே வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்களுக்கும் விலக்கு. ஏன்? வெனிஸ் அவர்களுடைய புழங்குபுலம். அந்த 5 யூரோவை யார் கட்டுவது என்பதை நம் சொல்தான் முடிவு செய்கிறது.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

உட்லண்ட்ஸிலிருந்து, அன்புடன்.

*

தம்பிக்கு, வணக்கம்.

புழங்கு சரி. புலத்தை இயற்பியல் எடுத்துக்கொண்டு நாளாகிவிட்டது. மின்புலம், காந்தப்புலம் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். ‘புழங்கிடம்’ போதாதா? சொல்லவும் எளிது.

ஈப்போவிலிருந்து அக்கா.

*

அன்புள்ள அக்காவுக்கு,

புழங்கிடத்தை நானும் இரண்டு நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அது ஓரிடத்தைத்தான் காட்டுகிறது, கூடம் முற்றம்போல. நமக்கு வேண்டியது பல இடங்களும் அவற்றுக்கு இடையிலான போக்குவரவும். காந்தப்புலத்தைத் தாங்கள் எடுத்துக்காட்டியதே எனக்குத் துணையாகிவிட்டது. காந்தப்புலத்துக்கு வேலி கிடையாது. காந்தத்தின் அருகே வலுவாக இருந்து, தள்ளிப்போகப்போகத் தேய்கிறது. மனிதரின் புழக்கமும் அப்படித்தான். அது எங்கே முடிகிறது என்பதை எத்தனை முறை போகிறார், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்ற அளவுகோல்களைக் கொண்டு அந்தந்த நாடே வகுத்துக்கொள்ளலாம் என்றுதான் பரிந்துரைகளும் சொல்கின்றன. கோடு போட முடியாததற்குப் புலம் பொருந்துகிறது, எல்லை பொருந்தவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இது அறிக்கைக்கான சொல், அம்மாவிடம் நீட்டும் தாளுக்கானது அல்ல. ஆகவே அடிக்குறிப்பில், “புழங்குபுலம்: ஒருவர் வசிக்கும், வேலை பார்க்கும், படிக்கும், அடிக்கடி போய்வரும் இடங்களின் தொகுதி” என்று எழுதியிருக்கிறேன். கேள்வியில், “இந்தப் பக்கம் நீங்கள் அடிக்கடி வருவது உண்டா? மாதத்தில் எத்தனை முறை?” என்று மாற்றிவிட்டேன். ‘சுற்றுலா’ என்ற சொல்லை முதல் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது ‘தொகுதி’க்கு நல்ல மாற்றுச் சொல் தந்தால் சேர்த்துக்கொள்கிறேன், இங்கே தொகுதி என்றால் எல்லாரும் தேர்தலை நினைக்கிறார்கள்.