மறு: சாஃப்ட் பேஸ்டலுக்குத் தமிழ்ச்சொல்: 'பொடிவண்ணம்' சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

சாஃப்ட் பேஸ்டல் என்னும், நிறப்பொடியைக் கோலாக்கிய உலர்ந்த ஓவிய வண்ணத்துக்கு வெளிர்வண்ணக்கோல், பசைக்கோல், சுண்ணக்கோல் என்று மூன்று சொற்கள் இழையில் வந்துவிட்டன. மூன்றிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. பேஸ்டல் பழகுகிறவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பேஸ்டல் நிறம் என்றாலே வெளிர்நிறம்தானே? வெளிர்வண்ணக்கோல் என்றால் யாருக்கும் சட்டென்று விளங்கும்.

துணிக்கும் சுவர்ப்பூச்சுக்கும் அது சரி. ஓவியருடைய பெட்டியில் நிலைமை வேறு. எண்ணெய் வண்ணத்தில் நிறமித்துகள் (நிறம் தரும் பொடி) ஒவ்வொன்றும் எண்ணெய்க்குள் முழுகிக் கிடக்கிறது. சாஃப்ட் பேஸ்டலில் துகளைப் பிடித்துவைக்கும் பிசின் பெயருக்குத்தான் இருக்கிறது. வெளிச்சம் நேராகத் துகளின் மேலேயே விழுகிறது. நிறம் அவ்வளவு பளிச்சென்று தெரிவது அதனால்தான். பிரெஞ்சு ஓவியர் ஓடிலோன் ரெடோன் பேஸ்டலில் செய்த பூச்சாடி ஓவியங்களைப் பார்த்த யாரும் அவற்றை வெளிர்நிறம் என்று சொல்லமாட்டார்கள்.

பெட்டியில் வெளிர் நிறங்களும் நிறைய இருப்பது உண்மை. அதற்குக் காரணம் வேறு. இந்த வண்ணத்தைத் தட்டில் கலந்துகொள்ள வழியில்லை. ஒரே நீலத்தில் வெள்ளையைப் படிப்படியாகக் கூட்டி, கறுப்பையும் சேர்த்து, செய்கிறவர்களே தனித்தனிக் கோல்களாக்கித் தந்துவிடுகிறார்கள். முழுத்தொகுதி 500 நிறங்களைத் தாண்டுவதும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அத்தனையும் வேண்டியதில்லை. அடர்ந்தது, நடுத்தரம், வெளிர் என்று ஒவ்வொரு நிறக் குடும்பத்திலும் ஒன்றிரண்டு இருந்தால் போதும். அடர்ந்தவை குறைவாக உள்ள பெட்டியை மட்டும் வாங்கவேண்டாம் என்பேன். நிழல் இல்லாமல் படம் எழும்பாது.

> மூலச்சொல் இத்தாலிய பாஸ்தெல்லோ. பாஸ்தா, அதாவது பிசைந்த பசை. ஆகவே பசைக்கோல்.

மூலம் சரிதான். ஆனால் அந்தப் பசை பட்டறையோடு முடிந்துவிடுகிறது. நிறமி, சுண்ணப்பொடி அல்லது வெள்ளைக் களிமண், கொஞ்சம் பிசின்நீர் எல்லாவற்றையும் பிசைந்து, உருட்டி, காயவைத்துவிடுகிறார்கள். ஓவியர் கைக்கு வருவது காய்ந்த கோல். பிசின் கூடினால் கோல் கடினப்படும், குறைந்தால் தொட்டாலே உதிரும். சாஃப்ட், ஹார்ட் என்று பிரிப்பது பெரும்பாலும் இந்த அளவை வைத்துத்தான்.

பசை என்று பெயர் வைத்தால், ஒட்டும் என்று நினைத்து மாணவர் வழவழத் தாளில் தேய்ப்பார். கோல் வழுக்கும், நிறம் உதிர்ந்து மடியில் விழும். பேஸ்டல் தாளில் நிற்பது ஒட்டுவதால் அல்ல. தாளின் மேடுபள்ளங்கள் கோலை அரித்து, பொடியைப் பள்ளத்தில் வாங்கிக்கொள்கின்றன. பூச்சுவேலைக்கு முன் சுவரைக் கொத்திவிடுவதற்கும் இதுதான் காரணம். தாளின் இந்தக் குணத்துக்கு, ஆங்கில 'டூத்' என்பதை அப்படியே பெயர்த்து, 'பல்' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வேண்டாமே! 'பிடிமானம்' என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல் இருக்கிறது. 'இந்தத் தாளுக்குப் பிடிமானம் போதாது', 'நாலு அடுக்குப் போட்டதும் பிடிமானம் தீர்ந்துவிட்டது' என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. பள்ளங்கள் நிரம்பிவிட்டால் அடுத்த நிறம் மேலே ஏறாமல் வழுக்கும். பழகுகிறவர்கள் அதிகம் திணறும் இடம் இதுதான். கடினக் கோலில் தொடங்கி மென்மையான கோலில் முடிக்கச் சொல்வதும், முதல் அடுக்குகளில் கை அழுந்தக்கூடாது என்பதும் இதற்காகத்தான்.

> சுண்ணம் என்றால் பழந்தமிழில் பொடி. பொற்சுண்ணம் இருக்கிறதே. சுண்ணக்கோல் அழகாக இல்லையா?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்குச் சுண்ணம் என்றால் சுண்ணாம்பு; சுண்ணக்கட்டி என்றால் கரும்பலகையில் எழுதுவது. பேஸ்டலும் சுண்ணக்கட்டியும் ஒன்றே என்று ஏற்கெனவே பலர் நினைக்கிறார்கள். சொல்லும் அதையே உறுதிசெய்தால், வண்ண சாக்பீஸ் வாங்கிவந்து 'ஏன் அடர்த்தியே வரவில்லை' என்று கேட்பார்கள். சாக்பீஸில் நிறம் தராத நிரப்பிதான் பெரும்பங்கு. நிறமி பேருக்குக் கொஞ்சம்.

என் முன்மொழிவு 'பொடிவண்ணம்'. நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம் என்ற வரிசையில் இயல்பாகப் போய் உட்காருகிறது. முதலில் வண்ணத்துக்குப் பெயர் வைத்துவிட்டால், கோல், துண்டு, பென்சில் எல்லாம் பின்னால் தானே வந்து சேரும்: பொடிவண்ணக் கோல், பொடிவண்ணப் பென்சில். 'கோல்' என்றே பெயரை முடிப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கோல் என்றதும் விரல் எழுதுகோலைப் பிடிப்பதுபோலப் போய்விடுகிறது. இதில் செய்யவேண்டியது, சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்து, ஓர் அங்குல அளவுக்கு ஒடித்து, துண்டைப் படுக்கவைத்து இழுப்பது. அகலமான ஒரே இழுப்பில் வானம் வந்துவிடும். புதுக் கோலை ஒடிக்க மனம் வராமல் நுனியிலேயே கோடு கோடாகப் போட்டு நிரப்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

வண்ணப்பொடியோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். தமிழில் கடைசிச் சொல்தான் தலை. வண்ணப்பொடி ஒரு பொடி, பொடிவண்ணம் ஒரு வண்ணம். வண்ணநீரையும் நீர்வண்ணத்தையும் நாம் குழப்பிக்கொள்வதில்லையே. மூக்குப்பொடி நினைவு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் சிரித்திருந்தார். வரட்டும், ஓர் எச்சரிக்கையாகவாவது இருக்கும். சில நிறமிகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் உண்டு, பொடியை வாயால் ஊதுவது கூடவே கூடாது. பலகையை நிமிர்த்தி, கொஞ்சம் முன்னால் சாய்த்து வைத்தால் உதிர்வது கீழே தட்டில் விழும். முகக்கவசமும் ஈரத்துணியும் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்து வினைச்சொல். பேஸ்டலை வரைவதா, தீட்டுவதா? நெடுநல்வாடை 'புனையா ஓவியம்' என்கிறது, வண்ணம் சேராத கோட்டோவியத்தை. அந்தக் கோட்டையும் வண்ணப் பூச்சையும் ஒரே கையில் சேர்த்துத் தருவது பேஸ்டல். வெனிசின் ரோசால்பா கரியேராவும் பாரிசின் லா தூரும் 18ஆம் நூற்றாண்டில் செய்த முகச்சித்திரங்களில் கோடு தெரியாது. பிரெஞ்சு ஓவியர் தெகாவிடம் கோடுகள் அடுக்கடுக்காக வெளிப்படையாக நிற்கும். 'தீட்டுதல்' இரண்டுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. அந்தச் சொல்லுக்குள் தேய்த்தல் என்ற பொருளும் இருக்கிறது, கத்தியைத் தீட்டுகிறோமே. இங்கே கை செய்வதும் அதையேதான்.

விரலாலோ காகிதச் சுருளாலோ தேய்த்து இரு நிறங்களைச் சேர்ப்பதற்கு 'குழைத்தல்' பொருந்தாது, அதற்கு ஈரம் வேண்டும். சந்தனத்துக்குச் சொல்லும் 'இழைத்தல்' என்பதை எடுத்துக்கொள்ளலாமா? அதிலும் ஈரம் இருக்கிறது என்று தச்சுவேலை தெரிந்த நண்பர் சொல்வார். அவருக்காகவே மரம் இழைப்பதையும் நினைவூட்டுகிறேன். எதையும் அதிகமாக இழைத்தால் நிறம் செத்துவிடும் என்பதைக் குறிப்பில் சேர்க்க இருக்கிறேன். அடியிலிருக்கும் நிறம் தெரியும்படி, அழுத்தாமல் மேலாக இழுக்கும் முறைக்கு 'வருடல்'. இதற்கு மாற்று யாரும் சொன்னாலும் நான் விடுவதாக இல்லை.

பொடி உதிராமலிருக்கப் படத்தின்மேல் அடிக்கும் ஃபிக்சேடிவுக்கு 'நிலைப்படுத்தி' வேண்டாம், வேதியியலார் அதை வேறொன்றுக்கு வைத்திருக்கிறார்கள். அது மெல்லிய பிசின் கரைசலைத் தூவுவதுதான், ஆகவே 'தெளிபசை' என்கிறேன். அடித்தால் நிறம் ஓரளவு இருண்டுபோகும். அடுக்குகளுக்கு இடையில் லேசாக அடித்தால் இழந்த பிடிமானம் கொஞ்சம் திரும்பும், தெகா அப்படிச் செய்தவர். கடைசி அடுக்குக்கு அடிக்காமல், கண்ணாடி படத்தில் உரசாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடுகிறவர்கள் பலர். நானும் அந்தக் கட்சி.

ஆயில் பேஸ்டலை இந்தப் பெயருக்குள் கொண்டுவரவேண்டாம். அதில் எண்ணெயும் மெழுகும் இருக்கின்றன, பொடியே உதிராது, இதன்மேல் அதைப் போட்டால் இரண்டும் கெடும். மெழுகுக் கிரேயானோடு அதற்குத்தான் உறவு நெருக்கம். 'நெய்மெழுகுக் கோல்' என்று எழுதிவைத்திருக்கிறேன், வாய்க்கு வரவில்லை. அதற்கு யாராவது தனி இழை தொடங்கினால் நல்லது. இந்த இழையில் பொடிவண்ணம், பிடிமானம், வருடல், தெளிபசை ஆகிய நான்குக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இழைத்தலை நீங்களே முடிவுசெய்யலாம்.