துணைப் பாத்திரத்தில் தொடங்கினால் நடிப்பு வாழ்நாள் தொழிலாக நிலைக்குமா?

கேள்வி – தக்கலை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் மகளைக் குறித்து உங்கள் ஆலோசனையை நாடுகிறேன். நாகர்கோவிலில் பட்டப்படிப்பை முடித்திருக்கும் அவள், பள்ளிப் பருவம் முதலே எங்கள் ஊர்க் கொடை விழாவிலும் பக்கத்து ஊர்ப் பங்குத் திருவிழா மேடைகளிலும் நாடகங்களில் நடித்து வருபவள். நடிப்பைத் தவிர வேறு தொழிலில் அவளுக்கு மனம் செல்லவில்லை. இப்போது சென்னையில் படப்பிடிப்பு நடக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடரில், நாயகியின் அக்கா வேடத்துக்கு அவளைத் தேர்வு செய்திருக்கிறார்கள்.

அண்ணன் நடிப்புக்கு எதிரானவர் அல்லர். ஆனால், "முதல் வேடமே அக்கா என்றால் அடுத்து அண்ணி, அதற்கடுத்து அம்மா, முப்பது வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாயகி வாய்ப்பு வரும்வரை காத்திருக்கட்டும்" என்கிறார். அவளோ தொடரிலும் நடிக்க வேண்டும், நாடக மேடையையும் விடக்கூடாது, பிறகு திரைப்படத்துக்கும் செல்ல வேண்டும் என்கிறாள். இம்மூன்றையும் ஒருவர் சேர்த்து நடத்த முடியுமா? துணைப் பாத்திரங்களை மட்டுமே நம்பி ஒரு பெண் ஆயுள் முழுவதும் நடிப்பில் நிலைத்திருக்க முடியுமா? துறையை அறிந்தவர்கள் விளக்கினால் எங்கள் குடும்பத்துக்குப் பேருதவியாக இருக்கும்.

பதில் – வடசேரி நாடகக் கலைஞர்

சகோதரி அவர்களுக்கு வணக்கம். உங்கள் அண்ணன் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது நடிகை சுகுமாரியின் வாழ்க்கை. அவர் 1940-இல் நம் நாகர்கோவிலில் பிறந்தவர். லலிதா, பத்மினி, ராகினி என்னும் திருவிதாங்கூர் சகோதரிகளின் உறவினர். சிறுமியாக இருந்தபோதே, 1951-இல் வெளிவந்த 'ஓர் இரவு' படத்தில் திரையில் தோன்றினார். அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்த அந்தப் பெண்மணியைக் கதாநாயகியாக நினைவில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் அம்மாவாக, அத்தையாக, வேலைக்காரியாக, மேல்தட்டுச் சீமாட்டியாக, கண்டிப்பான மாமியாராக அவரை அறியாத தமிழரோ மலையாளியோ அக்காலத்தில் இருந்திருக்க மாட்டார்.

சோ நடத்திய விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவின் நாடகங்களில் அவர் நெடுங்காலம் நடித்தார் என்பதும், திரையில் பெயர் பெற்ற பிறகும் மேடையை விட்டு விலகவில்லை என்பதும் உங்கள் அண்ணன் மகளுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்திகள். அரங்கில் சிரிப்பொலி அடங்கும்வரை காத்திருந்து, சரியான நொடியில் அடுத்த வசனத்தை எடுக்கும் பழக்கம் மேடையில்தான் படியும். 1985-இல் வந்த பிரியதர்ஷனின் 'போயிங் போயிங்' படத்தில் சமையல்காரியாக வந்து அவர் செய்த நகைச்சுவையைப் பார்ப்பவர்களுக்கு, அந்த நேரக்கணிப்பு எங்கிருந்து வந்தது என்பது எளிதில் விளங்கும். அதே நடிகைதான் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'நிழல்குத்து' படத்தில், தூக்கிலிடும் தொழில் செய்பவரின் மனைவியாக அடங்கிய குரலில் நடித்தார். தொலைக்காட்சி வந்தபோது அங்கும் சென்றார்.

1978-இல் கணவர் இயக்குநர் பீம்சிங் மறைந்த பிறகும் அவர் ஓயவில்லை. 2003-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 'நம்ம கிராமம்' என்ற தமிழ்ப் படத்துக்காக 2010-ஆம் ஆண்டின் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றபோது அவர் எழுபது வயதைத் தொட்டிருந்தார். 2013-இல் மறையும்வரை அவருக்கு வேடங்கள் வந்துகொண்டே இருந்தன. முப்பது வயதில் எல்லாம் முடிந்துவிடும் என்ற கணக்கு நாயகிகளுக்கு வேண்டுமானால் பொருந்தலாம். இவரைப் போன்றவர்களுக்குப் பொருந்தியதில்லை.

வயதான வேடம் ஏற்றால் மதிப்புக் குறையும் என்ற எண்ணமும் நம் நாடக மரபுக்குப் புறம்பானது. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் நடித்து வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில், டி.கே. சண்முகம் முதுமை எட்டுவதற்கு வெகு முன்பே ஔவையாராக மேடையேறினார். கூன் விழுந்த அந்த மூதாட்டியின் வேடம்தான் அவருக்கு 'அவ்வை சண்முகம்' என்ற பெயரை நிலைக்கச் செய்தது. இன்று சென்னையில் ஒரு சாலை அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

பதில் – குளச்சல்காரி, சென்னை

அக்கா, நான் நம் மாவட்டத்திலிருந்து வந்து தொடர்களில் துணைப் பாத்திரங்களில் நடித்து வருபவள். மேலே அண்ணாச்சி எழுதியவற்றை முழுமையாக ஏற்கிறேன். அன்றாட நடைமுறையை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அண்ணனின் அச்சம். தினசரித் தொடரில் நாயகியாக நடிப்பவர் மாதத்தின் பெரும்பகுதியை ஒரே தொடருக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கும். வேறு தொடரில் நடிக்க அவருக்கு நேரமும் இருக்காது, பல சமயம் ஒப்பந்தமும் இடம் தராது. அக்கா, அண்ணி, தோழி வேடங்களில் நடிப்பவர்கள் அழைக்கப்படும் நாள்களுக்கு மட்டும் சென்று, மீதி நாள்களில் இன்னொரு தொடரிலோ திரைப்படத்திலோ நடிக்கலாம். ஆகவே மூன்று துறைகளிலும் கால் வைக்க விரும்பும் ஒரு பெண்ணுக்கு அக்கா வேடம்தான் வசதியானது. மனோரமா ஆச்சி 1958-இல் 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேடத்தில்தான் அறிமுகமானார். அதற்குப் பின் 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் நாயகியாகவும் நடித்தார், மீண்டும் குணச்சித்திர வேடங்களுக்கே வந்து ஆயிரம் படங்களைக் கடந்தார். முதல் வேடம் கதவைச் சாத்திவிடும் என்பது உண்மையன்று.

உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. இத்தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. நடித்த நாளுக்குத்தான் ஊதியம். மாதத்தில் எத்தனை நாள் கால்ஷீட் கேட்பார்கள் என்பது உங்கள் பாத்திரத்தின் டிராக், அதாவது கதையில் அதற்கான போக்கு, எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது. அந்த டிராக்கோ, தொடரை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் டி.ஆர்.பி.யைப் பொறுத்தது. நான் நடித்த ஒரு தொடரில், என் பாத்திரம் கணவனோடு வெளிநாடு போய்விட்டதாக இன்னொருவர் பேசும் ஒரே வசனத்தில் என் வேலை முடிந்துவிட்டது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. அழைப்பு வராததை வைத்துத்தான் நான் அறிந்துகொண்டேன். நடித்த நாள்களுக்கான பணமும் உடனே கைக்கு வருவதில்லை. கையெழுத்திடும் முன், மாதத்துக்குக் குறைந்தது எத்தனை நாள், பணம் எப்போது வரும், வெளியூர்க் கலைஞருக்குத் தங்கும் செலவை யார் ஏற்பது, வேறு நிறுவனத்தின் தொடரில் நடிக்கத் தடை உண்டா என்பவற்றைத் தெளிவாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலான தொடர்களில் புடவைகளையும் நகைகளையும் நாமே கொண்டு செல்ல வேண்டும். ஒரே புடவை இரண்டு தொடர்களில் தெரிந்துவிடக்கூடாது என்பதால், தொடக்கத்தில் வருமானத்தின் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

நடிப்பைப் பொறுத்தவரை, மேடையிலிருந்து வருபவர்கள் முதல் சில வாரங்கள் திணறுவார்கள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை எடுத்துப் பழகியவர்களுக்கு, முகத்தருகே நிற்கும் கேமராவுக்கு இமையை அசைத்தாலே போதும் என்பது பிடிபடச் சற்றுக் காலம் ஆகும். தொடர்களில் உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக் கொடுப்பார். நாம் அதைக் கேட்டுச் சொல்லியபடியே நடிக்க வேண்டும். ஒரு நாளில் பல காட்சிகளை முடித்தாக வேண்டியிருப்பதால் அது தவிர்க்க முடியாதது. ஆனால் இரண்டு ஆண்டுகள் அப்படியே போனால் நினைவில் வசனத்தை நிறுத்தும் திறன் மழுங்கிவிடும். அதனால்தான் உங்கள் அண்ணன் மகள் மேடையை விடக்கூடாது என்று நினைப்பது மிகச் சரியான முடிவு என்கிறேன். மேடை வருமானம் தராது. ஆனால் மற்ற இரண்டிலும் நம்மைத் தாங்கும் திறனை அது பாதுகாத்துத் தரும்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. தொடர்ப் படப்பிடிப்பு காலையில் தொடங்கி இரவுவரை நீளும். நாடக ஒத்திகைகளோ மாலையில் நடப்பவை. தேதிகளை வெகு முன்னதாக உறுதி செய்யும் குழுவோடு சேர்ந்து, அத்தேதிகளைத் தொடரின் மேலாளரிடம் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். கடைசி நாளில் விடுப்புக் கேட்பவர் என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால், அது எல்லா அலுவலகங்களுக்கும் பரவிவிடும்.

பதில் – மார்த்தாண்டம் ஆசிரியர்

சென்னை மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். திருவனந்தபுரமோ 70 கிலோமீட்டருக்குள். மலையாளத் தொடர்கள் பல அங்கே படமாக்கப்படுகின்றன. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மலையாளம் காதில் விழுந்தே வளர்வதால், உச்சரிப்பைச் சற்றுப் பயின்றால் இரு மொழிகளிலும் வேடம் கேட்கலாம். சுகுமாரி அவர்களை இரண்டு மொழிக்காரர்களும் தம்மவர் என்று கொண்டாடியதற்கு இந்த மண் தந்த இருமொழிப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. முறையாகப் பயில விரும்பினால், புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையும், திருச்சூரில் ஜி. சங்கரப்பிள்ளை தொடங்கிய நாடகப் பள்ளியும் இருக்கின்றன.

பாதுகாப்பைப் பற்றி இதுவரை எவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியான பிறகு, இத்துறையில் நடப்பவற்றை எவரும் அறியாததுபோல் இருக்க முடியாது. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் எந்த இடத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. படப்பிடிப்புத் தளமும் பணியிடமே. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்பதில் தவறே இல்லை. தேர்வுக்கோ அடையாள அட்டைக்கோ முன்பணம் கேட்பவர்களையும், இரவில் தனியாக வரச் சொல்பவர்களையும் அந்த நொடியே விலக்கிவிட வேண்டும்.

தக்கலை வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சுகுமாரி அம்மாவைப் பற்றிய பதிவை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நாகர்கோவிலில் பிறந்தவர் என்பதே அண்ணனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் மனம் சற்று இளகியிருக்கிறது. ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவற்றை அவரே எழுதி வைத்துக்கொண்டார். சென்னையில் அவள் எங்கே தங்குவது என்பதுதான் இப்போது அவருடைய கவலை.

குளச்சல்காரி, சென்னை

அக்கா, படப்பிடிப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டுவிட்டு இடம் பாருங்கள். சாலிகிராமம், வளசரவாக்கம், வடபழனிப் பகுதிகளில் எங்கள் துறையினர் பலர் குடியிருப்பதால், இரவு தாமதமாகத் திரும்பும் பெண்ணை அக்கம்பக்கத்தார் வியப்பாகப் பார்ப்பதில்லை. பெண்கள் விடுதியானால் இரவு வாயில் எத்தனை மணிக்கு மூடப்படும் என்பதை முதலில் விசாரியுங்கள். ஒன்பது மணிக்குப் பூட்டும் விடுதி எங்கள் வேலைக்குப் பொருந்தாது. படப்பிடிப்பு முடிந்து திரும்ப நிறுவனமே வண்டி தருமா என்பதையும் அண்ணனின் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் ஆறு மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய பணத்தைத் தொடரின் வருமானத்தை எதிர்பாராமல் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு அனுப்புங்கள். அந்தப் பணம் இருந்தால்தான், பிடிக்காத ஒன்றை மறுக்கும் துணிவு அவளுக்கு இருக்கும்.