புதுப்பிப்பு: செஃப் ரெஸ்யூமே, ஒருவழியா போன் வந்தது

மூணு பக்க ரெஸ்யூமேவை 20 கிச்சனுக்கு அனுப்பியும் ஒரு போன்கூட வரலைன்னு போன மாசம் இங்கே புலம்பியிருந்தேன். நீங்க திட்டினபடியே ஒரே பக்கமா வெட்டிட்டேன்.

முதல்ல தூக்கினது "சமையலில் தீராத ஆர்வம் கொண்டவன்" வரியை. (அதை எழுத ஒரு ராத்திரி ஆச்சு!) அந்த இடத்துல இப்போ: "கிரில் செக்‌ஷன், இரவு சர்வீஸில் 140 கவர், எனக்குக் கீழ் 2 காமி." (கவர்னா சாப்பிட வர்ற ஆள் கணக்கு, காமின்னா ஜூனியர் சமையல்காரர்.) அப்புறம், "ஃபுட் காஸ்ட் 34 சதவீதத்திலிருந்து 31." (விற்பனைப் பணத்துல சமையல் பொருளுக்குப் போற பங்கு.) உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் கடைசிப் பக்கத்துல தூங்கிட்டிருந்தது, மேலே கொண்டுவந்தேன். போட்டோ, பொழுதுபோக்கு எல்லாம் அவுட்.

ஆறு இடத்துக்கு அனுப்பினேன், ரெண்டு அழைப்பு. இன்டர்வியூல செஃப் நேரா 31 மேல விரலை வெச்சு, "எப்படிக் குறைச்சே?"ன்னார். கழிவா போன எலும்பும் காய்த்துண்டும் ஸ்டாக் (சூப், சாஸுக்கான சாறு) காய்ச்சப் போனது, தட்டுக்குத் தட்டு எடை போட்டது, எல்லாம் சொன்னேன். ரெஸ்யூமேல பொய்யா அளந்துவிட்டிருந்தா அங்கேயே மாட்டியிருப்பேன்.

வியாழக்கிழமை ட்ரையல் ஷிஃப்ட். கத்தியைத் தீட்டிக்கிட்டிருக்கேன்.