மறு: மறு: கோஸ்ட்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேணும்

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு, கடலில் நில அதிர்வு அளவை எடுப்பது பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். கடலடியிலிருந்து மேலே வரும் அலை, கப்பல் இழுக்கும், ஒலியுணரிகள் கோத்த கேபிளில் ஒருமுறை படும். பிறகு நீர்மட்டம் வரை போய், தலைகீழாகித் திரும்பி இன்னொருமுறை படும். கேபிள் 7.5 மீற்றர் ஆழத்தில் என்றால் பிந்துவது 10 மில்லிசெக்கன்தான், ஆனால் 100 ஹேர்ட்ஸ் மீடிறனில் (சென்னை நண்பர்கள் அதிர்வெண் என்று திருத்த வேண்டாம்) ஒன்றையொன்று தின்றுவிடும், பதிவில் பள்ளம் விழும். அலை இரைச்சலுக்குப் பயந்து 15 மீற்றருக்கு இறக்கினால் பள்ளம் 50-க்கு வந்துவிடும். இந்த இரண்டாவது வரவுதான் கோஸ்ட். பேய் அலை என்று போடவா?

> பேய் அலை என்று போடவா?

வேண்டாம் தங்கச்சி. 2004 மார்கழிக்குப் பிறகு இந்தக் கரையில் அந்தச் சொல்லைக் கேட்டால் எது ஞாபகம் வரும்? எதிரொலி போதாதா?

> எதிரொலி போதாதா?

கடலடியிலிருந்து வருவதே எதிரொலிதானே அண்ணை, பிறகு நல்லது எது கெட்டது எது? அதோடு, நம்ம கோணேசர் கோவில் சுவாமிமலை அடியில் வள்ளத்தில் நின்று கூப்பிட்டால் கூப்பிட்டு முடிந்த பிறகுதான் குரல் திரும்பும். இது முதல் வரவின் மேலேயே ஏறி உட்காருகிறது. சார்பலை என்பேன். முதலெழுத்தை அண்டித்தானே சார்பெழுத்து? குற்றியலுகரம் மாத்திரை குறைவது போல இதுவும்...

குறையவில்லை மாஸ்டர். நீர்மட்டம் கிட்டத்தட்ட முழுதாகவே திருப்பி அனுப்புகிறது. அப்புறம், மற்றது முதலலையா? பூகம்பப் பாடத்தில் முதன்மை அலை ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளைகள் குழம்புவார்கள். சங்கத்தில் பேய்க்குக் கழுது என்று சொல் உண்டு, கழுதலை எப்படி?

கழுவில் ஏற்றிய தலை மாதிரி இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் கழுதை என்றே வாசிப்பார்கள்.

அச்சகத்திலிருந்து இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார்கள். பேய்த்தெறிப்பு, பேய்த்தெறிப்பு நீக்கம் என்று அனுப்பிவிட்டேன். தெறிப்பு (பிரதிபலிப்பு) எங்கள் பாடநூலில் இருப்பது, அலை என்ற சொல்லும் இல்லை. நன்றி எல்லோருக்கும்.

தெறிப்பு என்றால் தமிழ்நாட்டில் யாருக்கு விளங்கும்?

குறிப்பு உப்புவெளிக்கு, ஐயா.

சரி. இருந்தாலும் சார்பலைதான். மறுபதிப்பு வரும்போது சொல்லுங்கள், நன்னூலோடு வருகிறேன்.