ஓடும் அறிவிப்பு வரி நகராமல் நிற்கிறது: எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். திரையின் மேல்விளிம்பில் அறிவிப்புகள் ஒரே வரியாக வலமிருந்து இடமாக ஓட வேண்டும். உரை காட்டும் பெட்டியான டெக்ஸ்ட்வியூவின் எலிப்சைஸ் பண்புக்கு (இடம் போதாத உரையை என்ன செய்வது என்று சொல்வது) மார்க்யூ, அதாவது ஓடவிடு, என்று கொடுத்தேன். சிங்கிள்லைன் பண்பு பழையது என்று எச்சரிக்கை வந்ததால் அதை விட்டுவிட்டு, மேக்ஸ்லைன்ஸ் 1 என்று வைத்தேன். வரி அசையவே இல்லை. இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1

நண்பரே, மார்க்யூ ஓட மூன்று நிபந்தனைகள் உண்டு. உரையின் நீளம் பெட்டியின் அகலத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். உரை உண்மையிலேயே ஒரே வரியாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெட்டி ஃபோகஸ் (பயனரின் உள்ளீட்டைப் பெறும் நிலை) பெற்றதாகவோ தேர்ந்தெடுக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும்.

நீங்கள் தவறியது இரண்டாவதில். மேக்ஸ்லைன்ஸ் 1 என்றால் உரை உள்ளே பல வரிகளாக மடிந்துதான் நிற்கும். முதல் வரியை மட்டும் காட்டும், அவ்வளவுதான். சிங்கிள்லைன் வைத்தால் உரை மடியாமல் நீளவாக்கில் போகும். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதீர்கள், இந்த ஒரு வேலைக்கு அது வேண்டும். மூன்றாவதற்கு, நிரலில், பெட்டியைத் தேர்ந்தெடுத்ததாக்கும் செட்செலக்டட் அழைத்து ட்ரூ கொடுங்கள். ஃபோகஸை நம்ப வேண்டாம். பயனர் வேறு பெட்டியில் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது போய்விடும். மார்க்யூரிப்பீட்லிமிட் பண்பையும் மார்க்யூஃபாரெவர் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் மூன்று சுற்றோடு நின்றுவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. எல்லாவற்றையும் மாற்றினேன். வெறும் சோதனைத் திரையில் அழகாக ஓடுகிறது. ஆனால் செயலியின் உண்மையான திரையில் அப்படியே நிற்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து அளவு நகர்ந்து, சட்டென்று தொடக்கத்துக்கே திரும்பிவிடுகிறது.

பொறுமை போய் வேறு வழி ஒன்றும் முயன்றேன். 250 மில்லிநொடிக்கு ஒருமுறை உரையின் முதல் எழுத்தை வெட்டிக் கடைசியில் ஒட்டினேன். ஆங்கில உரை ஒழுங்காக ஓடுகிறது. தமிழ் உரை கந்தலாகிவிடுகிறது. 'கூட்டம் ஐந்து மணிக்கே தொடங்கும்' என்ற வரியில் 'தொ' வரும்போது, த மட்டும் காணாமல் போய், ஒரு புள்ளிவட்டமும் அதன் இருபுறமும் கொம்பும் காலும் தனியாக நிற்கின்றன. பார்க்கவே மனம் வலிக்கிறது.

பதில் 2

அந்தப் புள்ளிவட்டம் எழுத்துருவின் பிழை அன்று. நமக்கு 'தொ' ஓர் எழுத்து. யூனிகோடில் அது த, ஒகரக் குறி என இரண்டு குறியீடுகள். உங்கள் நிரல் முதல் குறியீட்டை மட்டும் வெட்டுகிறது. தாங்க மெய் இல்லாத உயிர்க்குறி தனித்து நிற்பதால், 'இங்கே ஓர் எழுத்து இருந்திருக்க வேண்டும்' என்று காட்ட வட்டம் வரைகிறார்கள். 'ம்' என்பதும் ம, புள்ளி என இரண்டுதான். 'ஸ்ரீ' நான்கு.

எழுத்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கும் பிரேக்இட்டரேட்டரைக் கொண்டு எழுத்து எல்லை பார்த்து வெட்டினால் உயிர்க்குறி பிரியாது. அப்போதும் 'ஸ்ரீ' இரண்டு துண்டாகலாம். ஆனால் தயவுசெய்து இந்த வழியில் போக வேண்டாம் என்றே சொல்வேன். வரி வழுக்கிக்கொண்டு ஓடாது, எழுத்து எழுத்தாகத் துள்ளும். அதைவிட முக்கியமாக, பார்வையற்ற ஒருவர் டாக்பேக் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வசதி) வைத்து அந்த வரியைத் தொட்டால், வெட்டி ஒட்டிய அந்த நொடியின் கலவைதான் அவர் காதில் விழும். மார்க்யூவில் உரை முழுதாகவே இருக்கிறது. வரைவது மட்டும்தான் நகர்கிறது. அவருக்கு முழு அறிவிப்பும் கிடைக்கும். அதனால் மார்க்யூவையே சரிசெய்வோம்.

உண்மையான திரையில் அந்த வரிக்குப் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது? நொடிக்கு நொடி மாறும் ஏதாவது உண்டா?

கேட்டவர்

ஆமாம், வலப்பக்கம் ஒரு கடிகாரம் இருக்கிறது. மணி, நிமிடம், நொடி காட்டும். இரண்டும் ஒரே லீனியர்லேஅவுட்டில் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் சட்டம்). கடிகாரத்தின் அகலம் ரேப்கன்டென்ட், அதாவது உள்ளே இருக்கும் உரையின் அளவு. மீதி இடம் முழுவதும் ஓடும் வரிக்கு.

பதில் 2

அகப்பட்டுவிட்டது. கடிகாரத்தை மறைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வரி ஓடும்.

நடப்பது இதுதான். கடிகாரத்தின் அகலம் அதன் உரையைப் பொறுத்தது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எனவே நொடி மாறும்போதெல்லாம் அது 'என்னை மறுபடி அளந்து பாருங்கள்' என்று லேஅவுட்டிடம் கேட்கிறது. உங்கள் எழுத்துருவில் எண்கள் ஒரே அகலமாக இல்லாவிட்டால் 11:11:11 ஒடுங்கியும் 20:48:36 பரந்தும் இருக்கும். கடிகாரம் ஒரு பிக்சல் விரிந்தால் பக்கத்து வரி ஒரு பிக்சல் சுருங்கும். அகலம் மாறிய டெக்ஸ்ட்வியூ தன் உரையைப் புதிதாக அடுக்கும். அடுக்கும்போது மார்க்யூவை நிறுத்தி முதலிலிருந்து தொடங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மார்க்யூ தொடங்கும் முன் 1,200 மில்லிநொடி காத்திருக்கும். உங்கள் கடிகாரமோ 1,000 மில்லிநொடிக்கு ஒருமுறை மாறுகிறது. காத்திருப்பு முடியும் முன்பே மறுபடி பூஜ்யம்! எப்போதாவது அடுத்தடுத்த இரு நொடிகளின் அகலம் ஒன்றாக அமைந்தால் மட்டும் சிறிது நகர்கிறது. நீங்கள் கண்ட அந்த ஓர் எழுத்து நகர்வு அதுதான்.

கடிகாரத்துக்கு நிலையான அகலம் கொடுங்கள். மிக அகலமான எண் வந்தாலும் கொள்ளும் அளவுக்கு வையுங்கள்.

கேட்டவர்

ஓடுகிறது! இது என் தலையில் உதித்தே இருக்காது. மனமார்ந்த நன்றி.

ஆனால் இன்னொன்று கண்ணில் பட்டது. 20 நொடிக்கு ஒருமுறை சர்வரிலிருந்து அறிவிப்பை எடுத்து வரியில் வைக்கிறேன். நீளமான அறிவிப்பாக இருந்தால் கடைசிச் சொற்கள் வருவதற்குள் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது. 'தொடங்கும்' என்ற சொல்லை நான் இதுவரை திரையில் பார்க்கவே இல்லை.

பதில் 3

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். மார்க்யூவின் வேகம் நொடிக்கு 30 டிபி (ஆண்ட்ராய்டு திரையில் நீளம் அளக்கும் அலகு). உரை 900 டிபி நீளம், பெட்டி 240 டிபி அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரு சுற்றுக்கு நடுவே பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80 டிபி இடைவெளி விடும். ஒரு சுற்றுக்கு 980 டிபி நகர வேண்டும். காத்திருப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 34 நொடி. நீங்கள் 20 நொடியில் உரையை மாற்றினால், அதற்குள் 564 டிபிதான் நகர்ந்திருக்கும். பெட்டியின் அகலத்தையும் சேர்த்து 804 டிபி வரைதான் யார் கண்ணிலும் படும். மீதி 96 டிபி யாருக்கும் தெரியாது. கூட்டம் எத்தனை மணிக்கு என்பது அந்த 96 டிபியில் இருந்தால் செயலி எழுதியதே வீண்.

முதலில், வந்த உரை பழையதேதானா என்று ஒப்பிடுங்கள். ஒன்றென்றால், பெட்டியில் உரையை வைக்கும் செட்டெக்ஸ்ட் அழைக்கவே வேண்டாம். அதே உரையை வைத்தாலும் அது முதலிலிருந்துதான் தொடங்கும். உரை மாறியிருந்தால் வரிசையில் நிறுத்தி, நடப்புச் சுற்று முடிந்த பிறகு வையுங்கள். சுற்று முடிந்தது என்று டெக்ஸ்ட்வியூ சொல்லாது. உரையின் அகலத்தை அளந்து மேலே போட்ட கணக்கின்படி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பயனர் கைப்பேசியின் மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்துவிட்டு மூடினாலும் மார்க்யூ முதலிலிருந்து ஓடும், அப்போது கணக்கையும் புதிதாகத் தொடங்குங்கள்.

ஆண்ட்ராய்டின் புதிய திரை வடிவமைப்புக் கருவியான கம்போஸில் எழுதுபவர்களுக்கு பேசிக்மார்க்யூ இருக்கிறது. அங்கும் இயல்பாக மூன்று சுற்று, 1,200 மில்லிநொடிக் காத்திருப்பு, 30 டிபி வேகம்தான். ஆனால் மூன்றையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

பதில் 2

ஒன்றைச் சேர்க்கிறேன். தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் நகரும் எதையும் பயனர் நிறுத்தவோ மறைக்கவோ முடிய வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டி நெறிகளின் 2.2.2ஆம் விதி சொல்கிறது. மெதுவாகப் படிப்பவருக்கு ஓடும் எழுத்து பெரும் சிரமம். செட்செலக்டடுக்கு ஃபால்ஸ் கொடுத்தால் வரி நிற்கும், ஆனால் படித்த இடத்தில் நிற்காமல் தொடக்கத்துக்கு ஓடிவிடும். அதனால் தொட்டதும் ஓட்டத்தை நிறுத்தி, முழு அறிவிப்பையும் மடித்த வரிகளாகத் திறந்து காட்டுங்கள்.

கேட்டவர்

அப்படியே செய்துவிட்டேன். கடிகாரத்துக்கு 88 டிபி, உரை ஒப்பீடு, வரிசை, தொட்டால் முழு அறிவிப்பு. சற்று முன் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு முழுச் சுற்றையும் பார்த்தேன். 'தொடங்கும்' வந்தது, கொம்பும் காலும் தகரத்தோடு ஒட்டியபடியே.