நெட் இல்லாத மூன்று நாளில் என் கேமரா என்ன செய்தது

மொட்டைமாடி:
மூன்று நாள் நெட் இல்லை. வாசல் கேமராவில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் பதிவாகிறது என்றே நம்பினேன். இரண்டாம் நாள் இரவு யாரோ கேட்டைத் திறந்து சைக்கிளைக் கொண்டுபோய்விட்டார்கள். நெட் வந்ததும் ஆப்பைத் திறந்தால் அந்த மூன்று நாளும் வெறும் வெள்ளை. கேமரா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. சேமித்து வைக்கத்தான் இடமில்லை. கிளவுட் சந்தா கட்டியாயிற்று, மெமரி கார்டு எதற்கு என்று நினைத்தது நான்தான்.

இப்போது 128 ஜிபி கார்டு போட்டிருக்கிறேன். 1080பி படம் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 0.9 ஜிபி, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 22 ஜிபி. ஐந்து நாளுக்கு மேல் தாங்கும், அப்புறம் பழையதை அழித்துவிட்டு மேலே எழுதும். ஓயாமல் எழுதுவதற்கென்றே விற்கும் கார்டாகப் பார்த்து வாங்குங்கள். போனிலிருந்து கழற்றிய பழைய கார்டு ஒன்றை முதலில் போட்டேன், சில மாதத்தில் செத்துப்போனது.

போட்டதோடு விடாமல் சோதித்தும் பார்த்தேன். ரவுட்டரை அணைக்கவில்லை, வெளியிலிருந்து அதற்கு வரும் நெட் கேபிளை மட்டும் உருவிவிட்டு, கேமரா முன்னால் நாலு நடை நடந்தேன். கேபிளை மறுபடி செருகிப் பார்த்தால் நான் நடந்தது முழுக்கப் பதிவாகியிருந்தது. லுங்கியோடு.

பழையவயர்:
கார்டு நல்லதுதான். ஆனால் திருடன் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் கூடவே போய்விடும். அதனால்தான் நான் என்விஆருக்கு, அதாவது எல்லாக் கேமராக்களின் படத்தையும் வீட்டுக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கும் பெட்டிக்கு மாறினேன். கேமராவிலிருந்து பிஓஇ சுவிட்ச் (கேமரா கேபிள்களை இணைத்து அவற்றுக்குக் கரண்டும் கொடுக்கும் கருவி), அங்கிருந்து என்விஆர். எல்லாம் வீட்டுக்குள்ளேயே ஓடுகிற வயர். படமும் கரண்டும் ஒரே கேபிளில் போகும். வெளி நெட் இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை.

ஆனால் ஒரு முறை நன்றாக ஏமாந்தேன். நெட் போன அன்று ஆப் ‘ஆஃப்லைன்’ என்று காட்ட, பதறிப்போய் என்விஆரை மூன்று தரம் அணைத்துப் போட்டேன். அது பாட்டுக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை நானே கெடுத்தேன். என் ஆப், நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாலும், கம்பெனி சர்வரைச் சுற்றித்தான் வருமாம். இப்போது என்விஆரில் ஒரு பழைய டிவியை மாட்டி வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் அதில் பார்ப்பதோடு சரி.

இரவுப்பணி:
நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் நெட் இல்லாத நேரத்தில் கரண்டும் ஒரு தடவை போய் வந்தது. கேமரா தன் கடிகாரத்தை நெட்டிலிருந்துதான் எடுக்கும் போல. அன்றைய பதிவெல்லாம் 1970 ஜனவரி 1 என்ற தேதியில் கிடந்தது. படம் இருந்தும் தேடி எடுக்க அரை நாள் ஆயிற்று. என்விஆரிலிருந்தே நேரம் எடுக்கும்படி கேமராக்களை மாற்றிவிட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

மொட்டைமாடி:
கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. யுபிஎஸ்ஸில் கேமராவை மட்டும் மாட்டினால் போதாது, ரவுட்டரும் சுவிட்சும் அதே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். என் வைஃபை கேமராவுக்கு ரவுட்டர் அணைந்தால் என்விஆருக்கு வழியே கிடையாது. சரி, என்விஆர் வாங்கத் தீர்மானித்துவிட்டேன். ஹார்ட் டிஸ்க் எவ்வளவு போடலாம், பழையவயர்?

பழையவயர்:
உங்கள் கணக்கையே நாலு கேமராவுக்குப் போட்டால் நாளைக்கு 86 ஜிபி. 1 டிபி போட்டால் பதினொரு நாள் வரும். பெட்டியை மட்டும் வாசல் பக்கம் வைக்காதீர்கள்.